நாம் தூவிய பொடி போன ஊர்

போன தை மாதம் எங்கள் குழுவின் அரிசியையும் நெய்யையும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் போடும் நஞ்சில்லா உணவுக் கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பேராசிரியர், "இயற்கைன்னு சொல்றீங்க, சரி. அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் மேல் எங்களில் சிலருக்குக் கோபம். எனக்கு இல்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவன் நான். வவுச்சர் இல்லாமல் எதையும் நம்பாத பழக்கம் இன்னும் போகவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அனுப்பினோம்.

அரிசி சுத்தம். "கண்டறியப்படவில்லை" என்று மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நெய்யில்தான் இரண்டு வரி வேறு மாதிரி இருந்தது. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.இ. கொஞ்சம். பி.எச்.சி.யின் மிச்சம் கொஞ்சம். இரண்டும் அனுமதித்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் இருக்கிறது.

அந்தத் தாளைப் பதினெட்டு நாள் என் பையிலேயே வைத்திருந்தேன். குழுவுக்குப் பொருளாளர் நான்தான். "ரிப்போர்ட் வந்துதா சார்?" என்று கேட்டவர்களிடம் "இன்னும் வரல" என்று சொன்னேன். பொய்தான். நாங்கள் எங்கள் மாடுகளுக்கு நஞ்சு கலந்த எதையும் வாங்கிப் போட்டதில்லை என்று நூறு பேரிடம் மார்தட்டியவர்கள். இந்த இரண்டு வரியை எப்படிக் காட்டுவது?

இன்னொரு காரணமும் உண்டு. அந்த பி.எச்.சி.க்கும் எனக்கும் பழைய கணக்கு இருக்கிறது.

இப்போதைய இளைய உழவர்களுக்கு பி.எச்.சி. என்றால் தெரியாது. பத்து சதப் பொடி. மூட்டையைப் பிரித்தாலே ஒரு முடைநாற்றம் வரும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நாவாய்ப்பூச்சி விழுந்தால், காலைப் பனி ஈரம் காய்வதற்கு முன் துணிப்பையில் கட்டித் தட்டிக்கொண்டே வரப்பில் நடப்பார்கள். வசதியுள்ளவர்கள் கையால் சுற்றும் தூவியை வைத்திருப்பார்கள். 1980களில் புவனகிரிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நான் விவசாயப் பிரிவு ஃபீல்டு ஆபீசர். அப்போது பயிர்க்கடனில் ரொக்கம் ஒரு பகுதி, பொருள் ஒரு பகுதி. பொருள் பகுதியைக் கையில் கொடுக்க மாட்டோம். உரத்துக்கும் மருந்துக்கும் கடைக்கு நேராக டெலிவரி ஆர்டர் போய்விடும். "மருந்து வேணாம் சார், அதையும் காசா குடுங்க, நாத்துக்கூலிக்கு ஆவும்" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அப்படின்னா கடனே கெடையாது பெரியவரே" என்று சொல்லி அனுப்பினேன். விதி அப்படி. ஆனால் அதைச் சொன்னது என் வாய்தானே.

ரிப்போர்ட்டை முதலில் காட்டியது என் அக்கா மகளிடம்தான். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். தாளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல அதிர்ச்சியாக ஒண்ணுமில்ல மாமா. நீங்க அந்தப் பக்கம் வேலை பாத்த காலத்துலயே எங்க சென்டர்ல இத அளந்திருக்காங்க."

மறுநாள் ஒரு பழைய ஆராய்ச்சிக் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு. 1991இல் வெளிவந்தது. வெள்ளாற்றுப் படுகையின் நெல் வயல்களில் போட்ட பி.எச்.சி. எங்கே போகிறது என்று காற்று, தண்ணீர், சேறு என்று எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள். வயலில் போட்டதில் ஆற்று வழியாகக் கழிமுகத்துக்குப் போனது 0.4 சதம். மீதி 99.6 சதம் ஆவியாகிக் காற்றில் போய்விட்டது.

நான் இதை மூன்று முறை படித்தேன். நூறு ரூபாய்க்கு நான் போட்ட டெலிவரி ஆர்டரில் நாற்பது பைசாவுக்குத்தான் ஆற்றில் கணக்கு இருக்கிறது. தொண்ணூற்றொன்பது ரூபாய் அறுபது பைசா வானத்தில். நம் ஊர் வெயிலும், வயலில் நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரும் அந்தப் பொடியை அவ்வளவு வேகமாகக் கிளப்பிவிட்டிருக்கின்றன.

இன்னொரு விஷயமும் அவள் சொன்னாள். அந்தப் பொடியில் பூச்சியைக் கொல்லும் சரக்கு காமா என்ற ஒரு வகை மட்டும்தான். அது பத்துப் பதினைந்து சதம்தான் இருக்கும். அறுபது எழுபது சதம் ஆல்பா என்ற வேறு வகை. பூச்சிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சும்மா கூட வருவது. நாம் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி இதுதான்.

"காத்துல போனது எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"குளிரு இருக்கிற எடத்துக்கு, மாமா."

இது இப்படி நடக்கிறது. சூடான ஊரில் ஆவியாகிறது. காற்றோடு போகிறது. குளிர்ந்த இடத்தில் படிகிறது. கோடையில் மறுபடி கிளம்புகிறது, இன்னும் வடக்கே போகிறது. வெட்டுக்கிளி தாவுவது போல என்று விஞ்ஞானிகளே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் வடதுருவக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தால் மறுபடி கிளம்பச் சூடு இல்லை. அங்கேயே தங்கிவிடுகிறது. பி.எச்.சி.யின் அந்த ஆல்பா வகை உலகக் கடல்களிலேயே அதிகமாக இருந்தது நெல்லே விளையாத வடதுருவக் கடல்பக்கம். அது நம் வெள்ளாற்றுப் பொடிதான் என்று யாரும் பெயர் எழுதிக் காட்ட முடியாது. சீனா போட்டது, சோவியத் நாடு போட்டது எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆனால் நம்முடையதும் இருக்கும்.

அந்தக் கடலோரத்தில் ஜனங்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதுதான்.

கனடாவில் கியூபெக் மாநிலத்தின் வடகோடிக்கு நுனாவிக் என்று பெயர். பதினான்கு ஊர்கள். தெற்கேயிருந்து சாலை கிடையாது. பனி உருகும் மாதங்களில் கப்பல் வரும், மற்ற நாளெல்லாம் விமானம்தான். அங்கே வாழும் ஆதிகுடிகள் இனுயிட் மக்கள். உழவு அங்கே நடக்காது. சீல், பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கலம், வால்ரஸ், சார் மீன், கரிபு மான், காட்டு வாத்து, கோடையில் கொஞ்சம் காட்டுப்பழம், இவ்வளவுதான் உணவு. இதை அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லும்போது 'நாட்டு உணவு' என்றுதான் சொல்கிறார்கள். நாம் நாட்டுக்கோழி, நாட்டு மாடு என்கிறோம் இல்லையா, அதே பொருள்தான். பெலுகாவின் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் சேர்த்து மட்டாக் என்பார்கள். பச்சையாகவே வெட்டிச் சாப்பிடுவது. காய்கறி இல்லாத ஊரில் வைட்டமின் சி-யை அவர்களுக்குக் கொடுத்தது அதுதான். வேட்டையில் கிடைத்ததை விற்பது வழக்கமில்லை, பங்கிடுவதுதான் வழக்கம். ஊருக்கு ஊர் பொது உறைபெட்டி இருக்கிறது. வேட்டைக்காரர்களிடம் இறைச்சியைப் பொதுப் பணத்தில் வாங்கி அதில் போட்டு வைப்பார்கள். வேட்டைக்குப் போக முடியாதவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

1980களின் நடுவில் லாவால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் டெவாயி என்ற மருத்துவர், தெற்கு கியூபெக்கில் தாய்ப்பாலில் உள்ள நச்சுகளை அளந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான இடம் தேவைப்பட்டது. தொழிற்சாலையே இல்லாத நுனாவிக்கை விடச் சுத்தமான இடம் எது? அங்குள்ள தாய்மார்களிடம் பால் மாதிரி வாங்கினார்கள். பி.சி.பி. என்ற எண்ணெய் நஞ்சு, நம் ஊர் டிரான்ஸ்பார்மர்களிலும் ஒரு காலத்தில் இருந்தது, தெற்கத்திப் பெண்களுக்கு இருந்ததைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. டி.டி.இ.யும் மற்றவையும்கூட இருந்தன. 1989இல் அது அச்சில் வந்தது.

ஏன் அவ்வளவு? பாசியில் துளி. பாசியைத் தின்னும் சிற்றுயிரில் கொஞ்சம் கூட. அதைத் தின்னும் மீனில் இன்னும் கூட. மீனைத் தின்னும் சீல், பெலுகாவில் பல மடங்கு. எல்லாம் கொழுப்பில் போய்ச் சேருகிறது. வட்டிக்கு வட்டி போடும் டெபாசிட் கணக்கு மாதிரிதான். ஆனால் பணம் எடுக்க வழியில்லாத கணக்கு. உடம்பிலிருந்து அது கணிசமாக வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. தாய்ப்பால். அதுவும் முதல் குழந்தைக்குத்தான் அதிகம் போகும்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் அந்தப் பெரியவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இந்த இடத்தில்தான் கதை இரண்டு பக்கமும் போகக்கூடிய நிலையில் நின்றது. நுனாவிக்கு வடக்கே பிரோட்டன் தீவு என்று ஓர் ஊர். அங்கேயும் அதே காலத்தில் பி.சி.பி. அளந்தார்கள். மக்களுக்குச் சரியாக விளக்குவதற்கு முன்னால் 1988இல் செய்தித்தாளில் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களை 'பி.சி.பி. ஜனங்கள்' என்று மற்றவர்கள் ஒதுக்கிப் பேசும் நிலைமைகூட வந்தது. அளந்தது தப்பில்லை. அளந்தவன் கையில் எண் இருந்தது, சாப்பிடுகிறவன் கையில் வெறும் பயம் மட்டும் இருந்தது. அதுதான் கோளாறு.

சீல் இறைச்சியை விடச் சொல்வது சுலபம். விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது? விமானத்தில் வரும் வெள்ளை ரொட்டி, சிப்ஸ், சோடா. விலையோ தெற்கே இருப்பதைப் போலப் பல மடங்கு. பக்கத்துப் பிரதேசமான நுனாவுட்டில் 2007–08இல் எடுத்த கணக்கில், பள்ளிக்குப் போகாத வயது இனுயிட் குழந்தைகளில் நூற்றுக்கு எழுபது பேர் போதிய உணவு உறுதியில்லாத வீட்டில் இருந்தார்கள். நாட்டு உணவை விட்டால் சர்க்கரை நோய். விடாவிட்டால் பி.சி.பி. போதாததற்கு, வேட்டைக்குப் போகாத பிள்ளைக்குப் பனியும் தெரியாது, மொழியில் பாதிச் சொல்லும் தெரியாது.

நுனாவிக் மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆராய்ச்சிக்காரர்களை விரட்டவில்லை. கணக்கைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். தாய்ப்பால் சேதி வந்த காலத்திலேயே, 1989இல், உள்ளூரில் ஒரு குழு அமைந்தது. இன்றைக்கு அதற்கு ஊட்டம், உடல்நலக் குழு என்று பெயர். அங்கே உணவு, நச்சு பற்றி யார் ஆய்வு செய்ய வந்தாலும் அந்தக் குழுவோடு பேசித்தான் செய்ய வேண்டும். முடிவை ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதும் அங்கேதான் முடிவாகும். 1991இல் கனடா அரசு வடக்கத்தி நச்சுகளுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியபோது அதன் நிர்வாகக் குழுவில் இனுயிட் அமைப்புகளும் உட்கார்ந்தன. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், நன்மைதான் பெரிது என்பதே தாய்மார்களுக்குச் சொன்ன முதல் சேதி.

வால்ரஸ் விஷயத்தைக் கேளுங்கள். அதன் இறைச்சியில் ஒரு நுண்புழு இருக்கும். பச்சையாகவோ புளிக்கவைத்தோ சாப்பிட்டால் மனிதனுக்கு நோய் வரும். இது ரசாயனம் இல்லை, ஆனாலும் வழிமுறை ஒன்றுதான். கூஜ்ஜுவாக் என்ற ஊரில் இனுயிட் மக்களின் சொந்த ஆய்வு மையம் இருக்கிறது. வால்ரஸ் வேட்டையாடியதும் நாக்கை அறுத்து விமானத்தில் அந்த மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உடனே சோதித்து, புழு இருக்கிறதா இல்லையா என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். அதுவரை யாரும் பங்கு பிரிப்பதில்லை. இருந்தால் அந்த ஒரு மிருகத்தை ஒதுக்கிவிடுவார்கள். "வால்ரஸ் சாப்பிடாதே" என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஈயம் இன்னொரு மாதிரி. பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. தூரத்துத் தொழிற்சாலைதான் காரணம் என்று நினைப்போம். ஈயத்திலும் வகை உண்டு, அதைப் பிரித்துப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பார்த்தார்கள். வாத்து சுடும் தோட்டாவிலிருந்த ஈயக் குண்டு. தங்கள் துப்பாக்கியிலிருந்தே வந்தது. அடுத்தவனைத் திட்ட வாகாக இருக்கும்போது இப்படி ஒரு முடிவு வந்தால் யாருக்கும் கசக்கும். அவர்கள் மறைக்கவில்லை. 1990களின் கடைசியில் ஊர்க் கடைகளில் ஈயக் குண்டு விற்பதை நிறுத்த வைத்தார்கள். ரத்தத்தில் ஈயம் இறங்கியது. வாத்து இறைச்சி தட்டிலேயே இருந்தது.

பெலுகா பெரிய சிக்கல். 1990களில் நுனாவிக்கில் பிறந்த குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கருவில் இருந்தபோது பாதரசம் கூடுதலாகப் போன பிள்ளைகளுக்குப் பின்னாளில் அறிவுத் தேர்வு மதிப்பெண்ணிலும் கவனத்திலும் குறை தெரிந்தது. அதே ஆய்வில், கடலுணவின் நல்ல கொழுப்பு கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி நன்றாக இருந்தது. இரண்டும் ஒரே தட்டிலிருந்து வந்தவை. அந்தத் தட்டில் பாதரசம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பங்கு பெலுகாவின் சதையிலிருந்து. அதுவும் காயவைத்த சதையில், நிக்கு என்பார்கள், தண்ணீர் வற்றியதால் இன்னும் செறிவாக. கருவாடு மாதிரி என்று வையுங்கள். மட்டாக்கில் பாதரசம் குறைவு. அதோடு மட்டாக்கில் செலினியம் நிறைய இருக்கிறது. பாதரசத்தின் கெடுதலை அது ஓரளவு தடுக்கக்கூடும் என்ற கோணத்திலும் ஆய்வு போகிறது.

2011இல் நுனாவிக் சுகாதார வாரியம் வெளியிட்ட அறிவுரை இவ்வளவுதான்: குழந்தை பெறும் வயதுப் பெண்கள், பாதரச அளவு குறையும்வரை, பெலுகா சதையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மட்டாக் சாப்பிடலாம். சார் மீன் நிறையச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு சார் மீனை இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. ஆண்களுக்கும் பாட்டிகளுக்கும் பழையபடிதான். ஒரு மிருகம், அதில் ஒரு பகுதி, அதுவும் யாருக்கு, எவ்வளவு நாளைக்கு என்று அளந்து சொன்ன பேச்சு. ஒரு எச்சரிக்கையை இவ்வளவு குறுக்கிச் சொல்ல இருபது வருட ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கிறது. நம்ம ஊர்ல ஒரு காய்ல நஞ்சுன்னு செய்தி வந்தா அந்தக் காயே ஒரு மாசம் சந்தையில் விக்காது. எந்த வயலு, யாரு அடிச்சது, கழுவினா போகுமான்னு ஒருத்தரும் கேக்க மாட்டோம். நட்டம் மட்டும் உழவனுக்கு.

இது உள்ளூரில் நடந்த வேலை. ஆனால் நஞ்சு வெளியூரிலிருந்து அல்லவா வருகிறது? அதற்கும் போனார்கள். கூஜ்ஜுவாக்கில் பிறந்த ஷீலா வாட்-க்ளூத்தியே என்ற அம்மையார், நிலைத்து நிற்கும் நச்சுகளைத் தடைசெய்ய ஐ.நா. நடத்திய பேச்சுவார்த்தைகளில் இனுயிட் மக்களுக்காகப் பேசினார். 1999இல் நைரோபியில் நடந்த கூட்டத்தில், தாயும் சேயுமாக இனுயிட் கலைஞர் செதுக்கிய ஒரு சிலையை ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரிடம் கொடுத்தார். அதன் பிறகு பேச்சுவார்த்தை நடந்த மேசையில் அந்தச் சிலை உட்கார்ந்திருந்தது. 2001இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் கையெழுத்தானது. வடதுருவ ஆதிகுடிகளின் உணவு நஞ்சாவது பற்றி அதன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது. டெவாயியும் மற்றவர்களும் அளந்த எண்கள் இல்லாமல் அந்த வரி வந்திருக்காது. தாய்மார்கள் பால் மாதிரி கொடுக்காமல் அந்த எண்களும் வந்திருக்காது.

டி.டி.டி. பற்றிப் பேசும்போது ஒரு சிக்கல் வந்தது. மலேரியா உள்ள வெப்ப நாடுகள், கொசுவுக்கு அது வேண்டும் என்றன. அந்த நாடுகளில் தெளித்தது இனுயிட் தாய்களின் பாலுக்கு வருகிறது. நிறுத்தினால் இங்கே குழந்தைகள் காய்ச்சலில் சாகலாம். முற்றிலும் தடை என்று அந்த அம்மா பிடிவாதம் பிடித்திருக்கலாம், நம்மைத் திட்டியிருக்கலாம். இன்னொரு தாயின் குழந்தையை விலையாகக் கொடுத்து எங்கள் குழந்தையைக் காப்பாற்ற வேண்டாம் என்ற நிலையைத்தான் இனுயிட் தரப்பு எடுத்தது. நோய் பரப்பும் பூச்சிக்கு மட்டும், கட்டுப்பாட்டோடு என்று விலக்கு வந்தது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989லேயே தடை. பி.எச்.சி. 1997 ஏப்ரலில் போனது.

எண்டோசல்பான் 2011இல் அந்த ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் விமானத்திலிருந்து தெளித்த கதை உங்களுக்கே தெரியும். அதுவும் வடதுருவக் காற்றில் இருந்தது. இந்தியா கடைசிவரை எதிர்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டது. 2025இல் குளோர்பைரிபாஸ் பட்டியலில் ஏறியது, சில விலக்குகளோடு. ஆமாம், நெல்லுக்கும் கரையானுக்கும் ஊற்றுகிறார்களே, அதேதான். துருவம்வரை போகிறது என்பதும் அதன் மேலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. நான் கடன் கொடுத்த காலத்தோடு இது முடிந்துபோன கதை இல்லை.

என் அக்கா மகள் காட்டியதில் ஒரு வரைபடம் மட்டும் மனசுக்கு ஆறுதல். வடதுருவக் காற்றில் அந்த ஆல்பா எவ்வளவு இருந்தது என்று வருடவாரியாகப் போட்டது. 1983இல் சீனா நிறுத்தியதும் கோடு சட்டென்று இறங்குகிறது. 1990ஐ ஒட்டி இந்தியாவிலும் சோவியத் நாட்டிலும் பயன்பாடு சுருங்கியதும் மறுபடி ஒரு இறக்கம். நாம் இங்கே கையை எடுத்தால் அங்கே தெரிகிறது. நுனாவிக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் பி.சி.பி., டி.டி.இ. போன்ற பழைய நச்சுகள் 1990களை விட வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒட்டாத பாத்திரம், நனையாத துணி வகையில் வரும் புது நச்சுகள் சில அங்கே மற்ற கனடா மக்களை விடக் கூடுதலாக இருக்கின்றன. அதற்கும் அளந்து, பட்டியலோடு ஜெனீவாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2018இல் கனடா இனுயிட் அமைப்பு ஆராய்ச்சிக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது: எங்கள் மண்ணில் எடுத்த மாதிரி, எங்கள் ரத்தத்தில் எடுத்த எண், அதன் உரிமை எங்களுக்கு. பாஸ்புக் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும் என்பது போலத்தான். இது கேட்டுப் பெற வேண்டிய விஷயமாக இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

பத்தொன்பதாம் நாள் குழுக் கூட்டத்தில் தாளை எடுத்து வைத்தேன். பதினெட்டு நாள் வைத்திருந்ததையும் சொன்னேன். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இத எதுக்கு சார் வெளிய சொல்லணும்? மருந்தடிச்சி விக்கிறவன்கிட்ட யாராவது ரிப்போர்ட் கேக்குறாங்களா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. "கேட்டா மட்டும் காட்டலாம்" என்றார் இன்னொருவர். பிரோட்டன் தீவு கதையைச் சொன்னேன். "அதத்தான் நாங்களும் சொல்றோம், நம்மளையும் அப்பிடித்தான் ஒதுக்குவாங்க" என்று என் கதையை எனக்கே திருப்பிவிட்டார்கள்.

எங்களில் அதிகம் மாடு வைத்திருப்பது ஒரு அம்மா. நான்கு நாட்டு மாடு. நெய்யில் பாதி அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. நட்டம் வந்தால் முதலில் அவருக்குத்தான். அவர் சொன்னார்: "எல்லாரு நெய்யையும் ஒண்ணாக் கலந்துல்ல அனுப்புனீங்க. யாரு வீட்டு நெய்யில இருக்குன்னு எப்பிடித் தெரியும்? எங்க கொட்டாயில முன்னாடி கொசு மருந்து அடிச்சாங்க. அது செவுத்துல இருக்கோ என்னமோ. வெளிய வாங்குற வைக்கோல்ல இருக்கோ என்னமோ. தனித்தனியா பாருங்க. பாத்துட்டு வர்ற வரைக்கும் இந்தத் தாள கடையில ஒட்டி வையுங்க. நாம குடிக்கிறதத்தானே விக்கிறோம்."

நுனாவிக்கில் இருபது வருடத்தில் கண்டுபிடித்ததை அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நெய்யை வீடு வாரியாகவும், வைக்கோல், குட்டைச் சேறு, கொட்டகைச் சுவர் மண் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் அனுப்பத் தீர்மானம் போட்டோம். செலவு கொஞ்சநஞ்சமில்லை. மாதாமாதம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வீட்டு மாதிரி போயிருக்கிறது. நான்கு பாக்கி.

தாளைக் கடையில் ஒட்டிய முதல் ஞாயிறு நெய் வியாபாரம் மந்தம்தான். வழக்கமாக வாங்கும் இருவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அரிசி மட்டும் வாங்கிப் போனார்கள். பேராசிரியர் வந்தார், முழுக்கப் படித்தார், ஒரு லிட்டர் கேட்டார். அரை லிட்டர்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு ஒரு இளம்பெண், இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், அப்ப கொழந்தைக்கு நெய் குடுக்கலாமா, வேணாமா?"

இவ்வளவு படித்தும் அந்த நேரத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அனுமதி அளவு எது, நம்முடையது எது என்று தாளில் விரலை வைத்துக் காட்டினேன். அது எப்போது தூவியது, ஏன் இன்னும் இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் காலத்தில் தூவச் சொல்லிக் கடன் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன் என்பதையும் சொன்னேன். என் பேத்திக்கு ஒன்றரை வயது, இதே நெய்தான் பருப்புசாதத்தில் போடுகிறோம் என்றேன். மற்ற மாதிரிகளின் முடிவு இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். நூறு மில்லி பாட்டில் ஒன்று எடுத்தார்.

"மத்த டெஸ்ட் வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க சார்."

கல்லாப்பெட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் எண்ணை எழுதிக்கொண்டேன். இப்போது அந்தப் பக்கத்தில் பதினொரு எண்கள் இருக்கின்றன.